ஆளில்லாத குடை

ஆற்றில் காசு அரிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணலில் காசு கிடைத்தால் கையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், மடியில் முடிய மாட்டார்கள், கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். இரண்டு கையும் தட்டைப் பிடித்திருக்கும், மடி நனைந்திருக்கும், வாய் ஒன்றுதான் காலி. அதனால் குனிந்தபடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினால் பக்கத்துக் குழிக்காரர்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள். கேட்க மாட்டார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவும் மாட்டார்கள். அது மரியாதை.

சேந்தம்பாளையத்தில் ஒரு பங்குனி மாதம், ஆறு அடிவரை வற்றி, மணல் அடுப்பில் ஏற்றின ஓட்டுச்சட்டி மாதிரி காய்ந்து, நாற்பது குடும்பமும் ஆளுக்கொரு குழி தோண்டி, அடிச்சேற்றை வாரிச் சாக்கின்மேல் வெயிலில் உலர்த்தி, உலர்ந்ததை உதிர்த்துத் தட்டில் போட்டு, குழியில் ஊறின தண்ணீரில் ஆட்டி ஆட்டி அரித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வேலாத்தாள் பேச்சை நிறுத்தினாள். அந்த ஊரிலேயே வாய் ஓயாதவள் அவள். அவள் நிறுத்தினது கரையில் மேய்ந்த ஆடுகளுக்குக்கூடத் தெரிந்தது. அவையும் நிமிர்ந்து பார்த்தன.

அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பழைய காசு வாங்கும் கடை வைத்திருந்தேன். வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி, முந்தானையில் துடைத்து, மேஜைமேல் வைத்தாள்.

நகத்தளவு. சதுரம். செம்பு. பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. ஒரு பக்கம் யானை. மறுபக்கம் குஞ்சம் தொங்குகிற ஒரு குடை. குடைக்குக் கீழே ஒருவரும் இல்லை.

"ராசா எங்கீங்?" என்றாள்.

"இல்லை."

"தேஞ்சு போயிட்டாருங்களா?"

"பொறிக்கவே இல்லை. நூறு ரூபாய்."

"ஆளில்லாத கொடைக்கு நூறுன்னா, ஆளிருந்தா எவ்வளவுங்?"

"ஆயிரம்."

"அப்ப ஆளு வரட்டும், அப்பறம் தாரனுங்" என்று சொல்லிக் காசை எடுத்துக்கொண்டாள். போகிறபோது என் கடைத் தகரப் பலகையைத் தட்டி, "பயப்படாதீங்க, புளி போட மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 'காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்' என்று அதில் எழுதியிருக்கும். களிம்பு தின்ற செப்புக்காசில் உருவம் நிற்பது களிம்பில்தான். புளி களிம்பைக் கரைக்கும், உருவமும் கூடவே கரையும், மிஞ்சுவது பளபளக்கிற ஒரு செப்புத் துண்டு. முப்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டினது. ஆற்றங்கரைக் குடிசைகளில் நேற்றுப் பேசப் பழகினதுகளுக்கும் அது தெரியும். ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் வந்ததில்லை.

வேலாத்தாளின் புருஷன் குப்பண்ணன். முழு வழுக்கை. வெயில் பட்டால் அந்த மண்டைக்குள் சம்மட்டி விழும், கண்ணைத் திறக்க முடியாது, கரை மரத்தடியில் சுருண்டு கிடப்பான். அதனால் வெயில் காலம் முழுக்க இரண்டு ஆள் வேலையை அவள் ஒருத்தியே செய்தாள். அதற்குப் பதிலாக அவனிடம் ஒரு கடன் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது இறங்கினதும் அவளை உட்காரவைத்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கிப் போட்டு, பித்தவெடிப்புக்குள் போய் உட்கார்ந்த மணலை ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கெண்ணெய் தடவுவான். அவள் அன்றைய ஊர்வம்பை எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் தடவுவான். அவள் லேசில் முடிக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் அவள் அந்தக் காசை அவனுடைய உருமாலின் ஓரத்தில் முடிந்து அவன் தலையில் கட்டிவிட்டாள். அவள் சேலைதான் எப்போதும் ஈரம் ஆயிற்றே. வேறு காரணம் எதுவும் இல்லை.

உச்சி வெயிலில் குப்பண்ணன் மரத்தடிக்குப் போகவில்லை. மணலில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மாமா, தலை வலிக்கலையா?"

"இல்ல புள்ள. தலைக்கு மேல யாரோ எதையோ புடிச்சுட்டு நிக்கற மாதிரி இருக்குது."

நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே வானம்தான் இருந்தது, ஒரு பருந்துகூட இல்லை. கீழே பார்த்தார்கள். அவனைச் சுற்றி முறத்தளவுக்கு வட்டமாக ஒரு நிழல். அதன் விளிம்பில் குஞ்சம் குஞ்சமாக நிழல் தொங்கிக்கொண்டிருந்தது, காற்றில்லாதபோதும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குழிக் கிழவர் தட்டைப் போட்டுவிட்டு வந்தார். நின்று பார்த்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"கும்புடறனுங்க மகாராசா" என்று கேலியாகக் கையெடுத்தார். "கொஞ்சம் அக்கட்டால தள்ளி நின்னீங்கன்னா நானும் நொழைஞ்சுக்குவேன்."

நிழல் ஒரு சாண் அகலமாயிற்று. கிழவர் நுழைந்துகொண்டார். அடுத்தவள் வந்தாள், சிரித்துக்கொண்டே கும்பிட்டாள், இன்னொரு சாண் கிடைத்தது, அவளும் நுழைந்துகொண்டாள். எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை. பங்குனி வெயிலில் நிழல் கிடைத்தால் எதனால் என்று எவன் கேட்பான்.

இப்படித்தான் அது வளர்ந்தது. ஒரு கும்பிடுக்கு ஒரு சாண். முறம் கட்டில் ஆயிற்று, கட்டில் களம் ஆயிற்று, களம் தெரு ஆயிற்று, சித்திரை பிறந்தபோது குப்பண்ணன் சந்தைத் திடலில் ஒரு முக்காலி போட்டு உட்கார, கீரைக்காரிகளும் மாட்டுத் தரகர்களும் பிரசவத்துக்குப் பிறந்தவீடு வந்த பெண்களும் ஜோசியரும் அவருடைய கிளியும், வெளியூரிலிருந்து ஊசி விற்க வந்தவனும், எல்லோரும் ஒட்டுக்காக அந்த நிழலுக்குள் உட்கார்ந்து, உள்ளே வரும்போது ஒரு கும்பிடும் வெளியே போகும்போது ஒரு கும்பிடும் போட்டுப் போட்டு, அதைக் கடைத்தெருவுக்கும் தேர்முட்டிக்கும் தபாலாபீசுக்கும் பரப்பிவிட்டார்கள். தயிர் புளிக்கவில்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார்கள். குடை ரிப்பேர் செய்கிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனான், போகிறபோது அவனும் கும்பிட்டான். சர்வேயர் தினமும் சாயங்காலம் நிழலின் விளிம்பில் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டார். காலையில் பார்த்தால் கோடு உள்ளே கிடக்கும்.

அரிசி மில் தெய்வசிகாமணி அப்போதுதான் வந்தார். ஊரில் எது பெரிதானாலும் அவர் வருவார். காசை அவிழ்த்து நாலைந்து பேர் தலையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். யார் தலையில் வைத்தாலும் நிழல் விழுந்தது. ஆனால் தெய்வசிகாமணி தலையில் இருந்தால் மேலத்தெருக்காரர்கள் கும்பிட மாட்டார்கள், மேலத்தெருக்காரர் தலையில் இருந்தால் கீழத்தெருக்காரர்கள் கும்பிட மாட்டார்கள். குப்பண்ணன் யாருக்கும் ஆகாதவர் இல்லை. சொல்லப்போனால் அவரை அதுவரைக்கும் யாரும் பார்த்ததே இல்லை. அதனால் காசு அவர் உருமாலுக்கே திரும்பி வந்தது. இதுவரைக்கும் அவன் என்றுதான் சொல்லிவந்தேன், அவர் என்று வாய் மாறிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் மாறிற்று.

நிழல் வந்த பிறகு மற்ற சாமான்கள் தானாக வந்தன. முக்காலி போய் மில்காரர் வீட்டுக் கருங்காலி நாற்காலி வந்தது. யாரோ பரணிலிருந்து துருப்பிடித்த வாள் ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியில் சாத்தினார்கள். வெள்ளிப் பூண் போட்ட தடி வந்தது, முத்து கோத்த விசிறி வந்தது, காதறுந்த ஒரு வெண்கல யானை வந்தது, ஒரு பாளையக்காரர் வாய் கொப்பளித்ததாகச் சொல்லி ஒரு செம்பு வந்தது. ஒவ்வொரு சாமான் வந்தபோதும் குப்பண்ணன் முதலில் கூச்சப்பட்டார், பிறகு அதைத் தேடினார், பிறகு அது இல்லாமல் உட்கார மறுத்தார். எனக்கும் கொஞ்சம் வியாபாரம் நடந்தது. அதை மறைப்பானேன்.

வழக்குகள் வந்தன. இருவரும் கும்பிட்டுவிட்டு நின்றால் குளிர்ச்சியில் கோபம் பாதி இறங்கிவிடும், மீதிப் பாதிக்கு தெய்வசிகாமணி காதில் சொல்கிறதை குப்பண்ணன் வாயால் சொல்லுவார். நல்ல தீர்ப்புத்தான் பெரும்பாலும். நான் குறை சொல்லவில்லை.

வேலாத்தாள் மட்டும் கும்பிடவில்லை.

"நீயும் ஒரு கும்புடு போட்டாத்தான் என்ன அம்மிணி, கையா தேஞ்சுரும்?" என்று தெய்வசிகாமணி கேட்டார்.

"என்ற ஊட்டுக்காரருக்குச் சோறு போட்டாப் பத்தாதுங்களா, கும்புடும் போடோணுமா?" என்றாள்.

அப்போது அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவருக்குத் தலைவலி நின்றுபோயிருந்தது. ராத்திரியில் மண்டையைப் பிடித்துக்கொண்டு முனகுகிற மனுஷன் பிள்ளை மாதிரி தூங்கினார். அதற்காக எவ்வளவு நிழலையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வருத்தமா என்று நானே அவளிடம் கேட்டேன். "ஆள் வந்துட்டாருங்களே, ஆயிரத்த எடுங்க" என்று என்னையே கேலி செய்தாள்.

வைகாசியில் நிழல் ஊரை மூடியது. ஆனியில் ஆற்றை மூடியது.

ஊர் முழுக்கப் பாசி பிடித்த கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம். பகலிலேயே தவளைகள் பேசின. மல்லிகைப் பூக்கள் எது சாயங்காலம் என்று தெரியாமல் எல்லா நேரமும் பாதி விரிந்து பாதி மூடி நின்றன. மனிதர்களும் அப்படித்தான் நடந்தார்கள், எதற்குக் கிளம்பினோம் என்று மறந்து பாதி வழியில் நின்று சிரித்தார்கள். அது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சாயப்பட்டறையில் நூல் உலரவில்லை. வடாம் பூசணம் பூத்தது. பாய்கள் நாறின. கோழிகள் முட்டையிட மறந்தன. ஆற்றில் சாக்கின்மேல் பரப்பின சேறு பரப்பின மாதிரியே கிடந்தது, பத்து நாளானாலும் பிசுபிசுவென்று கையில் ஒட்டிற்று, ஈரக்கட்டியை அரித்தால் காசு கட்டிக்குள்ளேயே இருந்து தண்ணீரோடு போய்விடும். நாற்பது குடும்பமும் வெறும் தட்டை ஆட்டின. அவர்களில் எவரும் வாயை மூடி ஒரு மாதம் ஆயிற்று.

போய்ச் சொல்லுவதுதானே என்று கேட்பீர்கள். போனார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் போனார்கள், வடாம் போடுகிற பெண்கள் போனார்கள், அரிப்புக்காரர்கள் கூட்டமாகப் போனார்கள். நாற்காலியையும் வாளையும் விசிறியையும் பார்த்த உடனே கை தானாகக் குவிந்தது. நூறு பேர் முறையிட வந்தால் நிழல் நூறு சாண் வளர்ந்தது. முறையீடு அதிகமாக அதிகமாக இருட்டும் அதிகமாயிற்று. கும்பிடாமல் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதற்குள் குப்பண்ணனை மில் மாடிக்குக் குடியேற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வேலாத்தாள் போய்ப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை அவள் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு போனாள். கால் வெடிப்பு பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. அவருடைய கை பழக்கத்தில் புட்டியை நோக்கி நீண்டது. பக்கத்தில் நின்ற மில் ஆள் இருமினான்.

"ராசா காலைத் தொடக்கூடாதுங்."

கை பின்னால் போயிற்று. "நாம் பிறகு பார்ப்போம்" என்றார் குப்பண்ணன்.

"நாமுன்னா யாருங்க மாமா? நானும் நீங்களுமா, நீங்களும் இந்த நாக்காலியுமா?"

அவர் மில் ஆளைப் பார்த்தார். அப்போதுதான் அவள் அவரை உற்றுப் பார்த்தாள். கல்லுக்கு அடியில் முளைத்த புல்லைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம். கறுத்த மனுஷன், காதுமடல் வழியாக அந்தப் பக்கத்து ஜன்னல் தெரிகிற மாதிரி வெளுத்திருந்தார். அவர் கையைப் பிடித்தாள். கையில் கனம் இல்லை, காய்ந்த சோளத்தட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. ஜன்னல் காற்றில் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்தார். அதனால்தான் அவர் மடியில் அந்த வெண்கல யானையை வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

ஆஸ்பத்திரி நர்சம்மா வந்து நாடி பார்த்தாள். மில்காரர் காதுபடச் சொல்லாமல் வேலாத்தாளை மாடிப்படிக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"மருந்து ஒண்ணும் இல்ல, அக்கா. வெய்யில் படோணும். அவரோட நெழல் அவரு காலுக்கடியில விழுந்து எத்தன நாளாச்சு?"

"மூணு மாசம்."

"ஆடி தாண்டாது."

அவள் மாடிக்குத் திரும்பிப் போய், "மாமா, எறங்கி வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அவர் உருமாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வெய்யில்ல மண்டை பொளக்கும், புள்ள" என்றார். அவள் புட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தலைவலி என்னவென்று அவளுக்குத் தெரியும், இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை முடிசூட்டு என்று தெய்வசிகாமணி அறிவித்தார். உருமால் முடிச்சில் காசு இருப்பது நிழலுக்கு அழகில்லை என்றும், பொன்னில் கிரீடம் செய்து, நெற்றியில் காசைப் பதித்து, அவிழ்க்க முடியாதபடி நாலு பக்கமும் உருக்கி ஊற்றிவிட வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஊர் முழுக்கத் தாலிக்குண்டு, மூக்குத்தி, அறுந்த சங்கிலி என்று கொடுத்தார்கள். கிரீடம் தயாராயிற்று. நன்றாகவே இருந்தது. நடுவில் நகத்தளவு சதுரமாக ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது.

அன்று காலை திடலில் பந்தல் இல்லை, பந்தலுக்குத் தேவை இல்லை. வெளியூர்களிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள். அந்தக் கிணற்று வெளிச்சத்தில் குப்பண்ணனை நாற்காலியோடு தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள், மடியில் யானை. தெய்வசிகாமணி உருமாலை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு, துணியை அவர் தோளில் போட்டுவிட்டுக் காசைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்னப்பா இது, பச்சைப் பசேல்னு எருமைச் சாணி மாதிரி? பவுனுக்கு நடுவுல இதயா பதிக்கறது? சனம் சிரிக்காதா?"

காசைத் தலையிலிருந்து எடுத்தாலும் நிழல் உடனே போகாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்விசிறி சுற்றுகிறதே, அப்படிக் கொஞ்ச நேரம் நிற்கும். அது எல்லோருக்கும் தெரியும், அதனால் பதற்றம் இல்லை. அவர் தன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

"எங்கூட்ல குத்துவிளக்குத் துலக்கற புளி ஊறப் போட்டிருக்கும். கிண்ணத்தோட கொண்டா. ஆடிவெள்ளிப் புளி, தங்கமாப் பளபளக்கும்."

திடலில் ஒரு பக்கமாக நாற்பது குடும்பமும் நின்றிருந்தது. அதுவரைக்கும் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம். புளி என்ற சொல் விழுந்ததும் அந்தப் பக்கம் ஓசை அடங்கிப்போயிற்று. ஆண், பெண், கிழம், மடியில் இருந்தது, அத்தனை வாயும் மூடிக்கொண்டது. ஒவ்வொருவர் கடைவாயிலும் ஒரு காசு ஒதுங்கியிருக்கிற மாதிரி நின்றார்கள்.

"யாரு துலக்கறது?" என்றார் தெய்வசிகாமணி. "காசு கையாளத் தெரிஞ்ச கையா இருக்கோணும்."

"நாந் துலக்கறனுங்" என்றாள் வேலாத்தாள்.

மேடை ஏறினாள். கிண்ணம் வந்தது. குப்பண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார். அவரும் ஆற்றில் பிறந்தவர்தானே. காசை வாங்கப் போன அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார், கனமில்லாத கையால்.

"வெய்யில் வந்துருமா, புள்ள?" என்றார். மெதுவாக. மேடைக்கு ஓரமாக நின்ற எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்டது.

"வருமுங்க மாமா."

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் காலைக் குனிந்து பார்த்தார், அந்த வெடிப்புகளை. பிறகு கையை எடுத்து யானைமேல் வைத்துக்கொண்டார்.

தெய்வசிகாமணி முட்டாள் இல்லை. அரிப்புக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாற்பது குடும்பம் ஒரு சொல் பேசாமல் நிற்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"ஏனுங்க, காசுக்கடைக்காரரே. நீங்க சொல்லுங்க. புளி போட்டா ஒண்ணும் ஆகாதல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலாத்தாள் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் கடைத் தகரப் பலகை தெரிந்தது. மூன்று மாத ஈரத்தில் துருவேறி எழுத்தெல்லாம் உதிர்ந்திருந்தது.

"பளபளக்கும்" என்றேன்.

அது பொய் இல்லை.

அவள் காசைப் புளிக்குள் முக்கினாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகச் சேர்த்து, அவசரப்படாமல், இருபது வருஷம் தட்டை ஆட்டின அதே தாளத்தில், தேய்த்தாள். புளித்தண்ணீர் பச்சையாயிற்று. முதலில் யானையின் தும்பிக்கை போயிற்று, பிறகு கால்கள், பிறகு முதுகு. திருப்பிப் போட்டாள். குஞ்சங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. குடையின் காம்பு கரைந்தது. கடைசியாகக் குடை மெல்ல மெல்ல மெலிந்து, ஒரு பிறைக்கீற்று மாதிரி நின்று, அதுவும் போயிற்று. தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்து, தெய்வசிகாமணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

பளபளத்தது. நல்ல செம்பு.

"இதுதான் காசு!" என்று அவர் தூக்கிக் காட்டினார். கூட்டம் ஓ என்றது. ஆசாரி வாங்கிக் கிரீடத்தின் குழியில் பதித்தார், நாலு பக்கமும் உருக்கி ஊற்றினார். அதைக் குப்பண்ணன் தலையில் வைத்தார்கள். பெரியதாகிவிட்டது, காதுவரை இறங்கிற்று. ஊரே கும்பிட்டது.

ஒரு சாணும் வளரவில்லை.

நிழல் போனது எப்படி என்றால், தண்ணீர் தெளித்த வாசல் உலருகிறதைப் பார்த்திருப்பீர்களே, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே வருமே, அப்படி. ஆற்றுக்கு அப்பால் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது, கோடு மணலில் ஏறிற்று, சாக்குகளின்மேல் ஏறிற்று, ஒரு மாதத்துச் சேறு பொருபொருவென்று வெடிக்கிற சத்தம் திடல்வரைக்கும் கேட்டது, பிறகு சாயப்பட்டறை, பிறகு தேர்முட்டி, தபாலாபீஸ், கடைத்தெரு, ஊரெங்கும் சேவல்கள் வெட்கமில்லாமல் பத்து மணிக்குக் கூவ, சனங்கள் கும்பிட்ட கையைப் பிரித்துக் கண்ணுக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். கும்பிட்ட கைக்கு வேறு வேலை வந்துவிட்டது.

கடைசியாக நிழல் களத்தளவு ஆயிற்று, கட்டிலளவு ஆயிற்று, நாற்காலியைச் சுற்றி முறத்தளவுக்கு ஒரு நிமிஷம் நின்றது. குஞ்சங்கள் இரண்டு தடவை ஆடின. பிறகு வெயில் மேடைமேல் விழுந்தது.

குப்பண்ணன் இரண்டு கையாலும் கிரீடத்தைக் கழற்றினார். நாற்காலியில் வைத்தார். மடியிலிருந்த யானையைத் தூக்கிக் கீழே வைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், யானை இறங்கிய உடனே பறந்துவிடுவாரோ என்று. எழுந்து நின்றார். ஒரு தடவை தள்ளாடினார். பாதம் பலகையில் பதிகிற சத்தம் கேட்டது.

மேடையிலிருந்து இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தார். வேலாத்தாள் நாலடி பின்னால் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. தெய்வசிகாமணி கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தலையில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு வைத்துப் பார்த்தார் என்று கேள்வி. தலைதான் சுட்டதாம். இப்போது மில் ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இன்றைக்கும் நன்றாகப் பளபளக்கிறது.

நான் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. மணல் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டேன்.

அவர்கள் குழிக்குப் பக்கத்தில் குப்பண்ணன் நின்றார். உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது, வெயில் சாய்வாக விழுந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு மணலைப் பார்த்தார். அவர் காலிலிருந்து புறப்பட்டு ஒரு நிழல் கிடந்தது. சின்னது. மெலிந்தது. குஞ்சம் எதுவும் இல்லை. வழுக்கைத் தலை உருண்டையாகத் தெரிந்தது, இரண்டு காதும் தெரிந்தன. ஒரு கையைத் தூக்கினார். அதுவும் தூக்கிற்று.

"மண்டை பொளக்குது, வேலாத்தா" என்றார். அழுதுகொண்டு சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா, எனக்குத் தூரம்.

"பொளக்கட்டும். உருமாலைக் கட்டுங்க. ஒரு சித்த நேரம் அப்படியே நில்லுங்க, மாமா, நகராதீங்க. எனக்குக் கால் சுடுது."

அவள் அந்த நிழலுக்குள் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மூன்று மாத ஊர்வம்பை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு ஆளுக்கு அது போதுமாக இருந்தது.